கதவை ஆட்டிப் பார்க்கும் அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் என் மானம் கப்பலேறியது.

முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாதாம். மேனேஜர் தம்பி முகத்தைச் சுளித்துவிட்டார். "சீனியர் லிவிங்னு சொல்லுங்க மேடம்." சரி தம்பி, சொல்லிட்டேன். நான் எட்டாவதோடு நின்று பிரஸ்ஸில் காலண்டர் மடிக்கப் போனவள் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே!

ஏசி ஹாலில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். தம்பி ஒரு ஃபார்மை எடுத்தார். "ஐயாவோட லைஃப்ஸ்டைல் என்னன்னு சொன்னா, அதுக்கேத்த பிளாக்ல ரூம் தரலாம். யோகாவா, தோட்ட வேலையா, பஜனையா?"

அப்பா யோசித்தார். "காலைல நாலரைக்கு எந்திரிப்பேன். டீ குடிப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... இன்னொரு டீ குடிப்பேன்."

தம்பி 'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ரூமைக் காட்டக் கூட்டிப்போனார். பால்கனி. கட்டில் பக்கத்தில் அவசர மணி. வழுக்காத டைல்ஸ். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா எங்கே? கதவுகிட்ட நிற்கிறார். திறக்கிறார், மூடுகிறார். திறக்கிறார், மூடுகிறார்...

"கதவு உள்ள பாத்துத் தொறக்கு" என்றார்.

"ஆமா ஐயா."

"ஒரு கதவுதான் இருக்கு."

"ஒரு ரூமுக்கு ஒரு கதவுதானே ஐயா?"

"தீப்புடிச்சா எங்கிட்டு ஓடுவீக?"

ஏசியிலும் தம்பிக்கு வேர்த்தது. "இங்க எதுக்கு ஐயா தீப்பிடிக்கப் போகுது?"

"எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்லுவாக."

அவ்வளவுதான். அந்த இடமும் முடிந்தது. இதோடு நாலாவது!

அப்பா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வெடிமருந்து ரூம் கதவெல்லாம் வெளியே பார்த்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஓடி வந்து மோதினாலே திறந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று வழி இருக்க வேண்டும். ஆயுசு பூரா அதைப் பார்த்த மனுஷனுக்கு ஓய்வு கொடுத்தாலும் கண்ணுக்கு ஓய்வு இல்லை. விருதுநகர் பைபாஸ் பக்கம் போனோம், கதவு. அடுத்த இடத்தில் சாப்பாடு பிரமாதம், ஆனால் கதவு. இன்னொரு இடத்தில் கதவைப் பற்றிப் பேச்சே இல்லை, அப்பாடா என்று இருந்தேன். ஜன்னலுக்குக் கம்பி எதுக்கு என்று பிடித்துக்கொண்டார்.

நாலு வாசல் வைக்க இது என்ன கல்யாண மண்டபமா, இவர் வெடிமருந்து மேலா படுக்கப் போகிறார்? நீங்களே சொல்லுங்கள்!

பஸ்ஸில் கேட்டே விட்டேன். "அப்பா, போகணும்னு சொன்னது நீங்க. நான் போகச் சொல்லல. பெறகு எதுக்கு எல்லாத்தையும் தட்டிவிடுறீக?"

"நல்ல எடமாக் காட்டு, போறேன்."

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பெற்றவரை மகள் கொண்டுபோய் விடுகிறாள் என்று தெருவே பேசுகிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா என் முகத்துக்கு நேராகவே, "ஒத்தப் பிள்ள, ஒரு சோறு போட முடியலையா?" என்றது. நான் எங்கே முடியலை என்றேன்? அம்மா போன முப்பதாம் நாள் அப்பாவே சொன்னார். "இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. எனக்கு ஒரு எடம் பாரு."

அம்மா போய் அஞ்சு மாசம் ஆகிறது. பாத்ரூமில் விழுந்தாங்க. உங்களிடம் இதுவரை இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். சத்தம் கேட்டு ஓடினேன். தாழ்ப்பாள் போடவில்லை, ஆனால் கதவு திறக்கவில்லை. அம்மா கதவை ஒட்டியே விழுந்து கிடந்தாங்க. அது உள்ளே பார்த்துத் திறக்கும் கதவு. தள்ளினேன். கை நுழையும் அளவுக்கு இடம் விட்டது, அதற்கு மேல் அசையவில்லை. அம்மா சேலை மட்டும் தெரிந்தது. தெருவில் இருந்து ஆட்கள் வந்து கதவைக் கீலோடு நெம்பி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள்.

கொஞ்சம் முன்னாடி. அதாவது நான் இன்னும் நல்லாத் தள்ளியிருந்தால்.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்படித் தள்ளினே, எவ்வளவு நேரம் தள்ளினே... எதுவுமே கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கதவை வெளியே பார்த்து மாற்றி வைத்தார். அப்படியும் அந்தப் பக்கம் போகவில்லை, கொல்லைக் குழாயில்தான் குளியல். அப்புறம் இடம் பாரு என்கிறார். அவருக்கு வீட்டைப் பார்க்க முடியவில்லையா, என்னைப் பார்க்க முடியவில்லையா? ஒவ்வொரு இடத்திலும் அவர் கதவை ஆட்டும்போது என்னை ஆட்டுவது மாதிரியே இருக்கும். அதனால்தான் அந்த எரிச்சல். வெளியே சிரிக்கிற மாதிரி எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் பிரஸ்ஸில் கரண்ட் இல்லை, லீவு விட்டார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அம்மா தன் வீட்டையே முதியோர் இல்லமாக நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். ஓய்வு பெற்ற நர்ஸ். ஏசி இல்லை, ஜூஸ் இல்லை, ஃபார்மும் இல்லை. உள்ளே நுழைந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, இது அப்பாவிடம் பாஸாகாது. ஒயர் தொங்குகிறது, சிலிண்டர் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

நான் நினைத்த மாதிரியே அப்பா ஆரம்பித்தார். நர்சம்மா கோபப்படவில்லை. ஒரு நோட்டை எடுத்து வந்து, "மெதுவாச் சொல்லுங்கய்யா, எளுதிக்கிடுதேன்" என்றார். அப்பா அப்படியே நின்றுவிட்டார். இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லையே!

பிறகு பாத்ரூமுக்குள் போனார். அதுவும் உள்ளே பார்த்துத் திறக்கும் கதவு, சாத்தினார். ஆட்டவில்லை. உள்ளே உட்காருகிற சத்தம் கேட்டது.

"தாயி, தள்ளு."

"அப்பா, வெளிய வாங்க."

"கதவுல சாஞ்சுதான் இருக்கேன். தள்ளு."

"என்னால முடியாதுப்பா!"

"ஒரு தடவ தள்ளு பிள்ள."

தள்ளினேன். கை நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அழுதுகொண்டே தள்ளினேன். நர்சம்மாவும் கூடச் சேர்ந்து தள்ளினார். ம்ஹூம். அம்மாவில் பாதி கனம்கூட இல்லாத மனுஷன்!

உள்ளே இருந்து குரல் வந்தது. "பாத்தியா? ரெண்டு பேரு தள்ளியும் தொறக்கல. எவன் தள்ளுனாலும் தொறக்காது. அன்னைக்கு ஒன் மேல குத்தம் ஒண்ணும் இல்ல தாயி."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"என் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தான் போறீகன்னு நெனச்சேன்."

"கூறு கெட்டவளே. ஒன்னயப் பாக்க எனக்கு மூஞ்சி இல்லாமத்தான் போறேன். ஊரான் கதவெல்லாம் வெளிய பாத்து வச்சேன். என் வீடு கட்டையில, எடம் பத்தலன்னு உள்ள பாத்து வச்சது யாரு? நாந்தான?"



அப்போது அங்கே குடியிருக்கிற ஒரு தாத்தா தோளில் துண்டோடு வந்து நின்றார். "ஏலே, உள்ள யாருலே? எம்புட்டு நேரம்! இங்கன மனுசன் அவசரமா நிக்கேன்!"

அப்பா எழுந்து வெளியே வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். தாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடியிருக்கவே வந்துட்டியா?"

"வந்தாலும் வருவேன்" என்றார் அப்பா.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதான் பேசியாச்சுல்ல. வீட்டுக்கு வாங்கப்பா."

"வீட்டுக்கு வந்து என்னத்தச் செய்ய? இங்கன அம்புட்டுக் கதவும் தப்பா இருக்கு." நர்சம்மா பக்கம் திரும்பினார். "ஆசாரி ஒளுங்கா வருவானா?"

"வர மாட்டான்யா."

"நான் நின்னா வருவான்."

இப்படித்தான் நாலு நல்ல இடங்களைத் தட்டிக் கழித்தவர், இருப்பதிலேயே மோசமான இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நேற்று பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பஸ் ஏறும்வரை கூடவே நின்று, என் முகத்தைப் பார்த்து, "சாப்ட்டுட்டுப் படு" என்றார். அஞ்சு மாசம் கழித்து, முகத்தைப் பார்த்து.

வீட்டுப் பெரியவர்களுக்கு இடம் பார்க்கக் கிளம்புகிறீர்களா? நல்லது. அவர்கள் குறை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் வாயை அடைக்காதீர்கள். கடைசிக் குறை வரைக்கும் கேளுங்கள். எனக்கு வேண்டிய வார்த்தை அங்கேதான் இருந்தது.

காது வலிக்கத்தான் செய்யும். அதற்கு என்ன பண்ண!