நெஞ்சளவில் பிளக்குகள்

பாமன்கடைப் பகுதியில், கால்வாய்க்குக் கிட்ட, ஒரு கீழ் வீட்டை வாடகைக்குப் பார்க்கப் போனபோதுதான் அந்த வீட்டுக்கார அம்மாவைச் சந்தித்தேன். உயரமான உடம்பு, பூப்போட்ட ஹவுஸ்கோட், மூக்கு நுனியில் கண்ணாடி. மாடியில் அவர் தனியாக இருந்தார்.

கீழ் வீட்டுச் சுவர்களில் மின்சாரப் பிளக்குகள் எல்லாம் என் நெஞ்சளவு உயரத்தில் இருந்தன. ஏனென்று கேட்டேன். "சும்மா, ஒரு வசதிக்கு" என்றார் கூட்டிவந்த புரோக்கர்.

"என்னத்துக்கு மறைக்கிறீர்?" என்று அந்த அம்மா அவரை அடக்கினார். "போன வெள்ளம் இடுப்பளவுக்கு நிண்டது, தம்பி. அதுக்குப் பிறகுதான் பிளக்கெல்லாம் ஏத்தினது. இனியும் வரும். மழை பிடிச்சால் நான் பெரிய சட்டியில சோறு போடுவன். இந்தச் சின்ன ஒழுங்கையில இருக்கிற வீட்டுச் சனம் முழுக்க மேலதான் வரும். நீங்களும் வாங்கோ."

அந்தப் பேச்சுக்காகவே வீட்டை எடுத்தேன். மனைவிக்கு அரைமனம்தான்.

ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, கால்வாய் நிரம்பி, தண்ணீர் எங்கள் வாசல் கேற் வரை வந்துவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். அங்கே ஒழுங்கையே கூடியிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது.

பின்னேரம் மழை விட்டது. தண்ணீர் கேற்றைத் தாண்டாமலே வடியத் தொடங்கியது. எல்லோரும் பெருமூச்சு விட்டுச் செருப்பைத் தேடினார்கள்.

அந்த அம்மா யன்னலால் எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அப்ப இவ்வளவு சோத்தையும் ஆர் தின்னுறது? இருங்கோ எல்லாரும்."

ஒருவரும் போகவில்லை.

இப்போதெல்லாம் வானம் இருட்டினால், மேலே சட்டி உருட்டும் சத்தம் கேட்கிறதா என்றுதான் முதலில் காது கொடுக்கிறேன்.