சீமெந்து முற்றம்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கு எதிரே கட்டடம் எழும்புகிறது. ஈரச் சீமெந்து மணம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அது எங்கள் கொட்டாஞ்சேனை முற்றத்தின் மணம்.

அங்கே வாசல் நிலைக்கு மேலே தகைவிலான் குருவிகள் வருடாவருடம் சேற்றால் கூடு கட்டும். கூடு இருக்கிற வீட்டுக்கு, போன ஆள் திரும்பி வரும் என்று அம்மா நம்பினாள். துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவை ராணுவம் சுற்றிவளைப்பில் கொண்டுபோன பிறகு, குழாயடியில் சண்டைபிடித்துக் கொண்டுவந்த தண்ணீரை முற்றத்து மண்ணில் ஊற்றிச் சேறாக்கினாள். குருவிகள் வந்தன. அப்பா வரவில்லை.

அடுத்த வருடம் வீட்டுச் சொந்தக்காரர் முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டார். குருவிகளும் வரவில்லை.

"குண்டுச் சத்தத்துக்குப் பயந்திருக்குங்கள்," என்றார் பக்கத்து வீட்டு மேரி அன்ரி. "நுளம்புக்கும் புகையடிக்கிறாங்கள். தின்னப் பூச்சி எங்க?"

"இல்லை அக்கா, சேறில்லாமத்தான் வரேல்லை," என்றாள் அம்மா.

அன்று பின்னேரம் அவள் உலக்கையால் முற்றத்தை இடிக்கத் தொடங்கினாள். உலக்கைதான் பிளந்தது.

"தண்ணி கொண்டா பிள்ளை!"

வாளியோடு ஓடினேன். அம்மா அதைக் கவிழ்த்தாள். தண்ணீர் சீமெந்தில் வழுக்கி ஓடி, ஒரு சொட்டும் நிற்காமல் கழிவுநீர்க் கானுக்குள் போனது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு வாளி கொண்டா," என்றாள்.