ஒன்பதாவது ஊசி

எழுபதுகளின் கடைசியில் பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி. ஆள் கணக்கு, கொழுந்து எடை, மழை அளவு எல்லாம் என் நோட்டில் இருக்கும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பசு. அது புல்லோடு வேலிக்கம்பித் துண்டையும் விழுங்கிவிட்டு, நான்கு நாளாகத் தீனியைத் தொடாமல் முதுகை வளைத்துக்கொண்டு முனகியது. வயிற்றைத் திறந்து கம்பியை எடுக்காவிட்டால் பிழைக்காது என்றார் ஈப்போவிலிருந்து வந்த இளம் மாட்டு டாக்டர்.

முழு மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்தால் வயிறு உப்பிவிடுமாம். அதனால் நின்றபடியே அறுவை. லேசாக மயக்க மருந்து, வலி தெரியாமலிருக்க அக்குபங்சர். எங்கோ பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார். என் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இது மாடா, தையக்காரன் ஊசி குத்தி வைக்கிற மெத்தையா, டாக்டர்?" என்றேன்.

"சும்மா நிக்காம எத்தனை ஊசின்னு எழுதுங்க லா, கிராணி."

ஊசிக்கு ஒரு கோடாக எழுதினேன். மயக்க மருந்து உள்ளே போனதும் பசுவின் தலை தொங்கி வாய் ஒழுகியது. முதுகிலும் விலாவிலும் ஊசிகளைக் குத்தி, ஒயர் மாட்டி, பேட்டரிப் பெட்டியைத் திருகினார். இடது விலாவைக் கீறியபோது பசு வாலை இரண்டு தடவை வீசியது, அவ்வளவுதான். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்ளும் எங்கள் கங்காணி இதைவிட அதிகம் கத்துவார்.

தோள்வரை கையை விட்டு விரல் நீளக் கம்பியை எடுத்தார். தைத்து முடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தகர மூடியில் போட்டார். எண்ணினேன். எட்டு. நோட்டில் ஒன்பது.

"டாக்டர், ஒண்ணு குறையுது!"

அவர் முகம் வெளுத்தது. "உள்ள விழுந்துருச்சா?"

வைக்கோலைக் கிளறினோம். இல்லை. தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தார். மயக்கம் தெளிந்து பசு காலை உதறத் தொடங்கியிருந்தது. இன்னொரு முறை திறந்தால் தாங்காது என்று அவரே முணுமுணுத்தார்.

"ஏங்க," என்றாள் மனைவி, "முதல்ல கழுத்துல மருந்து ஏத்துனாரே, அந்த ஊசியையும் சேத்தா எழுதுனீங்க?"

நோட்டைப் பார்த்தேன். முதல் கோடு அதுதான்.

"ஊசின்னு தானே சொன்னாரு," என்றேன்.

டாக்டர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். மூன்று தீக்குச்சி ஆயிற்று.

மறுநாள் காலை பசு அசைபோட்டது. ஒரு வாய்க்கு ஐம்பத்திரண்டு தடவை.

"அதையாச்சும் எண்ணாம விடுங்க," என்றாள் மனைவி. "கண்ணு பட்டுரும்."