பதினேழாம் இலக்கத் தோணி

எங்கள் ஒழுங்கைக்குள் எரிவாயு லொறி வரும்போது, பின்னால் நிற்கிற ஆள் ஒரு ஸ்பானரை எடுத்து வெற்றுச் சிலிண்டரில் தட்டுவார். ணங், ணங், ணங் என்று இடைவெளி விட்டு மூன்று தட்டு. அவ்வளவுதான். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாலும், புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாலும், என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். கண் வாசலுக்குப் போய் யார் இல்லை, யார் இன்னும் வரவில்லை என்று தேடும். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். தேடுவதற்கு வேறு ஆளில்லை. ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண் சமையலறையில் நின்று தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

இறக்கக்கண்டிக்குப் போகிற வழியில், தெருவிலிருந்து கடல்பக்கம் இறங்கினால் எங்கள் கரை. போர்க்காலத்தில் அங்கே படையினரின் காவல் சென்றிக்குப் பக்கத்தில் நின்ற பூவரசில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரயில் ஓடாத காலம் அது. தண்டவாளத்துக்கு வேறு வேலை இருக்கவில்லை. காலை ஆறு மணிக்கு அதை அடித்தால் ஆண்கள் எல்லோரும் பாஸ் அட்டைகளைச் சென்றியில் கொடுத்துவிட்டு வரிசையாகத் தோணிகளைத் தள்ள வேண்டும். பத்து மணிக்கு மறுபடி அடிப்பார்கள். அதற்குள் எல்லாத் தோணியும் கரையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தோணியின் முகப்பிலும் வெள்ளைப் பெயின்றில் ஓர் இலக்கம். போனது இருபத்திரண்டு என்றால் வந்ததும் இருபத்திரண்டாக இருக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் அடுத்த நாளிலிருந்து ஒருவருக்கும் கடல் இல்லை. பிந்தினவனுக்குத் தனியாகத் தண்டனை ஏதும் கிடையாது. இந்த முறையைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரியவில்லை, ஆனால் மனிதர்களை நன்றாகப் படித்தவன். சென்றியில் எப்போதும் நின்றவர்கள் இரண்டே இரண்டு பேர்தான். மிச்சக் காவலை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஒன்பதரைக்கே பெண்கள் தண்ணீர் விளிம்பில் வந்து நிற்பார்கள், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, புருஷன்மார் வருகிறார்களா என்று பார்க்க அல்ல, அடுத்த வீட்டுக்காரன் வருகிறானா என்று பார்க்க.

அப்படிப் பார்க்கும்போது எப்போதும் கடைசியாகத் தெரிகிற புள்ளி பதினேழாம் இலக்கம். அது என் சித்தப்பா தவராசாவின் தோணி.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கலியாணம் செய்யவில்லை; எங்கள் வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு இருந்தார். மற்றத் தோணிகளில் இரண்டு பேர், மூன்று பேர் போவார்கள். அவர் ஒருவராகப் போவார். வலை போடமாட்டார். கரையிலிருந்து வெகுதூரத்தில், தண்ணீருக்கடியில் கல் மேடாகக் கிடக்கிற கல்லுப்பாரில் நின்று தூண்டில் கயிறு விட்டு விளைமீன் பிடிப்பார். கரைவலை இழுக்க ஊரே கயிற்றில் தொங்குகிற நேரத்தில்கூட அவர் தன் பாட்டில் தூண்டில் முள்ளைத் தேய்த்துக்கொண்டு இருப்பார். "தனிக்காட்டு ராசா" என்று அவரைச் சொல்லுவார்கள். முதலில் அது பகிடியாக இருந்தது.

இந்தப் பாஸும் இலக்கமும் வருவதற்கு முந்திய வருஷம் ஒரு நாள் என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். பாருக்கு மேலே தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. கயிற்றை இறக்கிவிட்டு அவர் கதைக்கத் தொடங்கினார். என்னோடு அல்ல. "என்ன தவராசா, இண்டைக்கு முகம் ஒரு மாதிரிக் கிடக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒண்டுமில்லையடா, நித்திரை காணாது," என்று தானே மறுமொழி சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் வெட்கப்படவில்லை. "கரையில என்ர பேரை ஏசுறதுக்குத்தான் எடுக்கினம், பிள்ளை. இங்க வந்து நான் அதை ஒருக்கா நல்ல மாதிரிச் சொல்லிப் பாக்கிறனான்," என்றார்.

பிறகு இலக்கங்கள் வந்தன. ஏசுவதற்குக்கூட அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. "பதினேழு எங்க?" என்பதோடு முடிந்துவிடும்.

அவர் முதல்முறை பிந்தியபோது கரை முழுவதும் மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. இரண்டாம் முறை ஒரு கிழமை. எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா வெறும் சோற்றுக்குப் புளியைக் கரைத்து ஊற்றினாள். எதிர்வீட்டுக்காரி எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வருவதை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் இருந்த பிள்ளை எழுந்துபோய் வேறு வாங்கில் இருந்தது. அப்பா மட்டும் ஒருநாள் வேலியடியில் வைத்துச் சித்தப்பாவிடம் கேட்டார்: "பத்து மணிக்குள்ள வந்தா உனக்கு என்ன குறையுது?" சித்தப்பா நிதானமாக, "பத்து மணிக்குத்தானண்ணே மீன் கடிக்கத் தொடங்குது," என்றார். அது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அவ்வளவு சீக்கிரம் அவருக்கு அங்கே கதைத்து முடியாது.

மூன்றாம் முறையும் பிந்தியபோது சென்றியில் எல்லாப் பாஸையும் வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். எப்போது தருவார்கள் என்று கேட்டதற்கு, "உங்கட ஆள்தானே, நீங்கள்தான் பொறுப்பு," என்ற மறுமொழி வந்தது.

மத்தியானம், வலைகள் வைக்கிற கொட்டிலான வலைவாடியில் கரை கூடியது. சங்கத் தலைவர் சின்னத்துரை மாமா நடுவில் ஒரு கதிரையில் இருந்தார். கெட்டவர் இல்லை, அவருடைய மகளுக்கு அப்போது குழந்தை பிறந்து இருபது நாள், தாய்க்குக் கொடுக்க வீட்டில் ஒரு மீன் துண்டு இல்லை. சித்தப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வாடிக் காலில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"தவம், நீ என்ன சொல்லுறாய்?" என்று மாமா கேட்டார்.

"நான் களவெடுக்கேல்லை, மாமா. பிந்தினனான். வேணுமெண்டா மீன் கடிக்கிற நேரம் பாத்துத் தண்டவாளத்தை அடிக்கச் சொல்லுங்கோ."

சிலர் சிரித்துவிட்டார்கள். பிறகு பசி நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள். எதிர்வீட்டுக்காரி எழும்பினாள்: "ராசாவுக்கென்ன, ஒரு வயிறு. பட்டினி கிடந்தாலும் ஒண்டுதான் கிடக்கும். எங்களுக்கு அப்பிடியே?" சித்தப்பா வாடிக் காலை விட்டு நிமிர்ந்தார். அவர் வெளியே போய்விட்டார். இன்றைக்கும் அவளுடைய கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவள் வீட்டில் ஆறு வயிறு.

"அவனை ஆரும் அடிக்கச் சொல்லேல்லை," என்றார் சின்னத்துரை மாமா. "எங்கட சங்கத்தில அவன் இல்லை, அவன் செய்யிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை எண்டு சென்றியில ஒரு கடிதம் குடுப்பம். இருபத்தொரு தோணியாப் போவம், இருபத்தொண்டா வருவம். அவ்வளவுதான் கதை. பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

பிள்ளை என்றால் நான். பதினொரு வயது. கரையில் யாருக்கு என்ன மனு எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மண்ணெண்ணெய்க்கு, தொலைந்த அடையாள அட்டைக்கு, பள்ளிக்கூடக் கூரைக்கு எல்லாம் "மேன்மை தங்கிய ஐயா அவர்கட்கு" என்று தொடங்கி "இங்ஙனம், கரைவாழ் மக்கள்" என்று முடிக்க எனக்குத் தெரியும். கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வந்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெரியவர்கள் என் கைக்குக் கொடுத்த மரியாதையை என் முகத்துக்கு யாரும் கொடுத்ததில்லை.

மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். தவராசா என்பவர் எங்கள் சங்கத்தில் இல்லை. அவருக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை. அவர் போவதும் வருவதும் எங்கள் பொறுப்பு அல்ல. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது கடிதம் மொட்டையாக இருந்தது. நல்ல கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அப்போது ஒரு வரி எனக்குள் வந்தது. பச்சைத் தண்ணீரும், தனித் தோணியும், காற்றில் வந்த குரலும் அந்த வரிக்குள் இருந்தன. யாரும் சொல்லாமல் நானாக எழுதினேன்: "நடுக்கடலில் தன்னந்தனியே அவர் யாருடன் உரையாடுகிறார் என்பதை நாங்கள் அறியோம்."

உரக்க வாசித்தேன். "பிள்ளை நல்லா எழுதியிருக்கு," என்றார் மாமா. அந்த வரி என்ன செய்யும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக மனு எழுதி எழுதி, மனுவின் கடைசிப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை என்றுதான் எங்கள் கரைக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவராக வந்து ஒப்பம் வைத்தார்கள். அப்பா கடைசியாக வந்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித் தன் பெயரை எழுதிவிட்டு, பேனையை என்னிடம் தராமல் மணலில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பாஸ்கள் திரும்பி வந்தன. அதற்கு அடுத்த நாள் சித்தப்பாவை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று கரையில் நல்ல மீன். அம்மா பாரை மீன் குழம்பு வைத்தாள், அழுதுகொண்டே வைத்தாள். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பசியை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரை விட்டார்கள். சித்தப்பாவின் வலக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தூண்டில் கயிறு வீச ஏலாது. பதினேழாம் இலக்கத் தோணியை அதற்குள் வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். இலக்கம் காலியாக இருக்கக் கூடாதல்லவா. அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வெறுப்பினால் அல்ல, பார்க்க முடியாததால். நான்காம் நாள் காலையில் புத்தளம் பக்கம் உப்பளத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒரு கையால் பை தூக்க முடியாதென்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். தெருவரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

போன மாதம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, எங்கள் கரையைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். சின்னத்துரை மாமாவின் பேரன். அன்று இருபது நாள் பிள்ளையாக இருந்தவர். கரையை வளைத்து ஒரு விடுதிக்காரர் வேலி போடுகிறாராம், தோணி ஏற்ற இடமில்லையாம், எல்லோருமாக ஒரு மனுக் கொடுக்க வேண்டுமாம். "நீங்கள்தான் அக்கா அந்த நாளில எங்கட கரைக்கு எழுதிக் குடுக்கிறனீங்களாம்." எத்தனை பேர் ஒப்பமிடுவார்கள் என்று கேட்டேன். அவர் விரலை மடக்கினார். ஒரு கைக்குள் முடிந்துவிட்டது. பாதிப் பேரைக் கடல் பொங்கி வந்த சுனாமி நாள் கொண்டுபோனது, மிச்சப் பேரை வெளிநாடு. இருக்கிறவர்களும் விடுதிக்காரரிடம் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார்கள். பூவரசு இல்லை. தண்டவாளத் துண்டை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது யாரும் எந்த நேரமும் கடலுக்குப் போகலாம், எந்த நேரமும் வரலாம், வராமலும் விடலாம். ஒருவரும் எண்ணுவதில்லை, ஒருவரும் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பதுமில்லை. பயத்தினால் கட்டிய கயிறு பயம் போனதும் இற்றுவிட்டது. உண்மையாகவே ஒன்றாக நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதற்கு அங்கே ஆளில்லை.

மனுவை எழுதிக் கொடுத்தேன். ஆறு வரி. அழகாக ஒன்றும் இல்லை. முடிவு மொட்டையாகத்தான் இருந்தது, அப்படியே விட்டேன்.

புறப்பட்ட அந்தக் காலையில், தெருவில் பஸ் வருவது தூரத்தில் தெரிந்தபோது சித்தப்பா இடக்கையால் பையை என்னிடமிருந்து வாங்கினார். "கடிதத்தை அங்க வாசிச்சுக் காட்டினவங்கள்," என்றார். "திருப்பித் திருப்பி அந்தக் கடைசி வரியைத்தான் கேட்டவங்கள். ஆரோட கதைச்சனி, ஆரோட கதைச்சனி எண்டு." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பஸ் நின்றது. மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நான் ஆரோட கதைக்கிறனான் எண்டு உனக்குத் தெரியுந்தானே, பிள்ளை."