நான்காம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும்

யுத்த காலத்தில் திருத்தணி மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மூன்று ரேடார் நிலையங்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, அங்கிருந்த வரைபட மேசையில் விமானங்களை மரவில்லைகளாக நகர்த்துவோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இரண்டு விமானங்கள் குறுக்கே கடந்தால் ரேடாருக்கு அவை ஒரே புள்ளி. பிரிந்தபின் எது எது என்று வேறொரு நிலையம் உறுதி சொல்லும்வரை இரண்டின் மேலும் சிவப்பு வில்லை வைத்துக் காத்திருக்க வேண்டும் என்பது விதி.

மேசைத் தலைவருக்குக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது. ஒருமுறை அவர் அவசரமாக வைத்த எண்ணால், நம்முடைய தபால் விமானத்தையே சண்டை விமானங்கள் துரத்தின. பிழை என்னுடையதென்று அறிக்கை எழுதினார். மேசையிலிருந்து என்னைத் தொலைபேசிக்கு மாற்றினார்கள்.

"இன்னா பி.ஏ., ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் காலேஜில சொல்லித் தரலியா?" என்று தலைவர் தினமும் கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் நாள் பார்த்திருந்தேன்.

ஒரு பிற்பகல், நான்காம் எண்ணான அரக்கோணத்துப் பயிற்சி விமானமும், கடலிலிருந்து வந்த அடையாளம் தெரியாத ஒன்பதாம் எண்ணும் கடந்தன. பிரிந்த உடனே தலைவர் வில்லைகளை வைத்தார். தெற்கே சென்றதை ஒன்பது என்று, சண்டை விமானங்களை அனுப்பும் அரக்கோணத்துத் தளத்துக்கு அறிவித்தார். அடுத்த நொடியே கடற்கரை நிலையம் என்னிடம் சொன்னது: மெதுவாகப் போவது தெற்கே. அதாவது, தெற்கே போவதுதான் நம் பயிற்சி விமானம். சீட்டில் எழுதினேன், தலைவரிடம் கொடுக்கவில்லை. எங்கள் மேலதிகாரி தேநீர் அருந்தி உள்ளே வரும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிடம், கையிலேயே வைத்திருந்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

அதிகாரியே தொலைபேசியைப் பறித்துத் தாக்குதலை நிறுத்தினார். பயிற்சி விமானம் தப்பியது, தலைவர் தப்பவில்லை. பழைய அறிக்கையும் திருத்தப்பட்டது.

அவர் ஊரைவிட்டுப் போன காலையில் ரயிலடிக்குச் சென்றேன். தோற்ற முகத்தைப் பார்க்கத்தான்.

"அந்த சீட்டு முன்னாடியே வந்துச்சு, இல்ல?"

"ஆங். வந்துச்சு சார்."

"என் மேல கோவம், சரி. மேல பறந்துகினு இருந்தானே, அவன் உனுக்கு இன்னா பண்ணான்?"

வண்டி வந்து நின்றது. அவருடைய பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.