லோரி வந்த நாள்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எந்தத் தேதியைப் பொது விடுமுறையாகக் கேட்கிறீர்கள் என்று அதில் எழுத வேண்டும். கோல சிலாங்கூர் கோயில் மண்டபத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடத்திய தலைவருக்காக சிலாங்கூர் மாநில அரசிடம் ஒரு விடுமுறை கேட்கிறோம். அந்தக் காலத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தால்தான் சம்பளம். தீபாவளிக்கு வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போச்சு. பண்டிகைக்குச் சம்பளத்தோடு லீவு கொடு என்று எங்கள் பக்கத்தில் முதலில் கேட்டவர் அவர்தான். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிறகு கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எப்போது இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. மனைவியும் மகளும் இங்கே மலாயாவிலேயே தங்கிவிட்டார்கள்.

லீவு கேட்டவருக்காக லீவு கேட்பது எனக்கு நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எந்தக் காகிதத்தில் என் பெயர் ஏறினாலும் எனக்குப் பயம்தான்.

விண்ணப்பத்தை எழுதியது எங்கள் தோட்டத்துக் குடும்பத்தில் வந்த ஒரு வக்கீல் பெண். "தலைவர் பொறந்த நாளையே போட்டுரலாமே," என்றாள். தலைவரின் மகள், எங்கள் எல்லாருக்கும் அக்கா, எண்பதை நெருங்கிவிட்டவர், பையிலிருந்து அப்பாவின் பழைய அடையாளக் கார்டை எடுத்துக் கொடுத்தார். ஜனவரி ஒன்று.

"அன்னிக்கு ஆல்ரெடி பப்ளிக் ஹாலிடே லா, ஆன்ட்டி," என்றாள் வக்கீல் பெண்.

மண்டபமே சிரித்தது. எங்களில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். லயத்து வரிசை வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைகளுக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, டவுனுக்குப் போகிற அன்றைக்கு, வாயில் வந்த தேதியை, பெரும்பாலும் ஜனவரி ஒன்றைச் சொல்லி மொத்தமாகப் பதிந்துவிட்டு வருவார்.

"அப்போ, புடிச்சிட்டுப் போன நாள்? அந்த டேட் யாருக்காச்சும் தெரியுமா?" என்று அவளே கேட்டாள்.

எனக்குத் தெரியும். நான் பிறந்த நாள் அது. ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்து சொன்னா என்ன? ஒங்க பொறந்தநாளுக்கு சிலாங்கூரே லீவு போடப்போகுது. எனக்கும் அன்னிக்கு சமையல் கெடையாது."

"சொன்னா அப்பாவப் பத்திக் கேப்பாங்க."

அவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அவளுக்கும் தெரிந்த கதைதான். அன்றைக்கு ஒட்டுமொத்தத் தோட்டமும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகாமல் இருந்தபோது, அங்கே போய்த் தனியாக நின்றவர் என் அப்பா. சாகும்வரை அவருக்குக் கருங்காலி என்று பெயர். என் கல்யாணப் பந்தியில்கூட ஒருவர் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். இப்போது அதை நினைவு வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர்தான். நானாகவே போய் அதை அரசாங்கக் காகிதத்தில் ஏற்ற வேண்டுமா?

ஒரு வாரம் தூக்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட் டின்னில் மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த என் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மூன்று நகலும் எடுத்திருந்தேன்.

வக்கீல் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சூப்பர், அங்கிள். ஆனா இதுவும் கிராணி போட்ட டேட் இல்லன்னு எப்படி நம்புவாங்க?"

"ஆஸ்பத்திரியில பொறந்தேன்மா. அவங்க எழுதுன தேதி."

"லயத்துல எல்லாரும் வீட்டுலதானே பொறந்தாங்க. ஒங்களுக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி?"

நான் பயந்தது இதற்குத்தான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இருந்தாலும் சொன்னேன். அம்மாவுக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக தோட்டத்து லோரிதான் வழி; அது வேலைக்கு வருகிறவன் வீட்டுக்குத்தான் போகும் என்று துரை சொல்லியிருந்தார். அப்பா பால் வாளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றார். லோரி வந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற வழியில்தான் தலைவரைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ் வண்டியைப் பார்த்தார்களாம்.

நான் அக்காவைப் பார்க்கவே இல்லை. அவர்தான் பேசினார்.

"எங்கம்மா ஒங்கப்பாவக் கடைசி வரைக்கும் மன்னிக்கல, தம்பி. அத நான் மறைக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"ஆனா ஒங்கம்மா கத்துனது எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு. பக்கத்து வீடு, நடுவுல ஒரு பலகைதானே. எனக்கு அப்ப ஆறு வயசு, காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன்." பிறகு வக்கீல் பெண்ணிடம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. தேதி அதான்."

"பின்னாடி விளக்கம்னு ஒரு பக்கம் இருக்கு," என்றாள் அவள், என்னைப் பார்த்து. "ஒங்கப்பா விஷயம் வேணாம்னா, ஆஸ்பத்திரி ரெக்கார்டுன்னு மட்டும் போட்டுக்கலாம், அங்கிள்."

யோசித்தேன். யோசிப்பதில் நான் கெட்டிக்காரன்.

"வேலைக்குப் போனாருன்னு எழுதும்மா," என்றேன். "லோரி வந்துச்சுன்னும் எழுது. ரெண்டையும் சேத்து எழுது."

அவள் எழுதினாள். விடுமுறை கிடைக்குமோ கிடைக்காதோ, இன்னும் பதில் வரவில்லை. அன்றைக்கு அவள் பேனாவை மூடுவதற்கு முன்னால், அந்தத் தேதியை மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னேன்.