மண் தட்டைத் தொட்டவள்

சபீனா ஹெரட்டி அடுத்த ஹாலோவீனுக்குள் செத்துப்போவாள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறுக்கவில்லை. செத்துப்போகிற பெண்ணுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை, உயிரோடு இருக்கப்போகிற பெண்ணுக்குக் கிடைக்காது என்பதை அவள் ஒரே வாரத்தில் கண்டுகொண்டாள்.

நெஃபின் மலைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஹாலோவீன் அக்டோபரின் கடைசி ராத்திரி, செத்தவர்கள் உலவுகிற நேரம். அந்தக் காலத்தில் ஹாலோவீன் என்றால் டெலியா ருவானின் சமையலறைதான். ஜன்னலில் குடைந்த டர்னிப் கிழங்குக்குள் மெழுகுவர்த்தி எரியும். உருளைக்கிழங்கும் கோசும் மசித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் ஊற்றி, பெரிய சட்டியோடு மேசையில் வைப்பார்கள். பையன்கள் வைக்கோல் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து பாடி, தின்று, பக்கத்து வீட்டு வண்டியைக் கழற்றிக் கூரைமேல் ஏற்றப் போய்விடுவார்கள். அப்புறம்தான் பெண்களின் வேலை தொடங்கும். அடுத்த வருஷம் யாருக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பது. அதற்கு எங்கள் ஊரில் டெலியாவை மிஞ்சிய ஆள் கிடையாது. ஐந்தாறு கல்யாணங்கள் அவள் அடுப்பங்கரையில்தான் முடிவாயின. அவற்றில் இரண்டு நன்றாகக்கூட அமைந்தன.

சபீனாவுக்கு அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபெஸ்டஸ் கில்டே. ஏரிக்கரையில் நல்ல நிலம், ஓடு வேய்ந்த வீடு, கறவை மாடுகள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேச்சு கிடையாது. சந்தைக்குப் போகும்போது தன் குதிரையிடம் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டே போவார். வீட்டை அவருடைய அக்கா ஹனோரா ஆண்டுகொண்டிருந்தாள். சபீனாவின் அம்மா வினிஃப்ரெட் விதவை. அவளுக்கு ஏரிக்கரை நிலத்தைப் பார்த்தால் பசியாறிவிடும்.

அன்றைக்கு முதலில் கொட்டைகளைச் சுட்டார்கள். ஒன்றுக்குச் சபீனா பெயர், ஒன்றுக்கு ஃபெஸ்டஸ் பெயர் வைத்து இரண்டையும் தணலில் போட்டார்கள். ஒன்று தெறித்து விலகினால் பொருத்தமில்லை. சேர்ந்து எரிந்தால் கல்யாணம். ஃபெஸ்டஸ் பெயர் வைத்தது அவரைப் போலவே இருந்த இடத்தில் அசையாமல் கிடந்தது. சபீனாவுடையது ஒரு பக்கம் கருகிப் புகைந்தது. "பாத்தியா, எவ்ளோ ஒத்துமை!" என்றாள் டெலியா.

அடுத்தது தட்டு. மூன்று சிறு தட்டுகள். ஒன்றில் தண்ணீர். அதைத் தொட்டவள் கடல் கடந்து போவாள். ஒன்றில் மோதிரம். அதற்கு விளக்கம் வேண்டாம். ஒன்றில் கல்லறை மண். அதற்கும் வேண்டாம். கண்ணைக் கட்டி, தட்டுகளை இடம் மாற்றிவைத்து, கை நீட்டச் சொல்வார்கள். எனக்கு அன்று தண்ணீர் வந்தது. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் இன்றுவரை பாலினா சந்தையைத் தாண்டிப் போனதில்லை.

சபீனாவின் முறை வந்தது. கட்டிய துணி மெல்லியது. எதிரே அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்தது. மோதிரத் தட்டை டெலியா ஒற்றை விரலால் அவள் பக்கம் நகர்த்துவதும், அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொள்வதும்கூடத் தெரிந்தன. அத்தனை பேர் முன்னால் மோதிரத்தைத் தொட்டுவிட்டால் பிறகு மாட்டேன் என்று சொல்ல வாயிருக்காது. தண்ணீரைத் தொட்டால் பாஸ்டனில் இருக்கிற அத்தை வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். அந்த அத்தையைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவள் கை மோதிரத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஐந்து விரலையும் மண்ணில் அழுத்தியது.

"சேசு மரி சூசை!" என்று வினிஃப்ரெட் அலறினாள்.

டெலியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இரு, இரு. மறுபடியும் தொடும்மா. மூணு தடவ தொடலாம். எப்பவுமே அப்படித்தான்."

"வேணாம் அத்தை," என்றாள் சபீனா, துணியை அவிழ்க்காமலேயே. "ஒரு தடவ சொன்னது போதாதா? திருப்பித் திருப்பிக் கேட்டா அவங்களுக்குக் கோவம் வராதா?"

யாருக்குக் கோபம் வரும் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் துணியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாழ்ந்த வாழ்வு இருக்கிறதே! மழையில் மாடு கறக்க யாரும் அனுப்பவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தான். டெலியா குற்ற உணர்ச்சியில் பாதி வாத்தைப் பொரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பங்குச் சாமியார் இதெல்லாம் அஞ்ஞான மூடநம்பிக்கை என்று கோயிலில் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சாவதற்கு முன் பாவங்களையெல்லாம் சொல்லி முழுப் பாவசங்கீர்த்தனம் எப்போது செய்யப்போகிறாய் என்று கேட்டார். தச்சன் மார்ட்டின் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைத் தலை முதல் கால் வரை பார்ப்பான். தப்பான பார்வை அல்ல. அளவெடுக்கிற பார்வை.

அவளும் சும்மா இருக்கவில்லை. டெலியா மகனின் சைக்கிளை வாங்கி ஓட்டப் பழகினாள். சாகப்போகிறவளிடம் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? கோயிலில் பாடுகிற பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம், "ஐயா, எனக்காக ஒரு உதவி. நான் இருக்கிற வரைக்குமாவது பாடாதீங்க" என்றாள். மனிதர் அந்த வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஊரே அவளுக்கு நன்றி சொன்னது.

கல்யாணப் பேச்சு தானாக நின்றது. ஹனோரா வெளிப்படையாகவே மெழுகுவர்த்தி ஏற்றினாள். "ஆண்டவர் நம்ம வீட்டைக் காப்பாத்தினாருடா தம்பி" என்றாளாம். ஃபெஸ்டஸ் குதிரைக்கு லாடம் பார்க்கப் போய்விட்டாராம்.

ஜனவரியில் சபீனாவுக்கு இருமல் பிடித்தது. வெறும் இருமல்தான். ஆனால் ஊரே அதைக் கேட்டுத் தலையை ஆட்டியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு பேர் கையைப் பிடித்தால் யாருக்குத்தான் பயம் வராது? தானே விளையாடிய விளையாட்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரி இருமும்போது அது ஒன்றும் உதவவில்லை. கடைசியில் அம்மாவிடம் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நான் பாத்துட்டுத்தான் தொட்டேன். துணி வழியா எல்லாம் தெரிஞ்சுது. பொய்ம்மா அது."

வினிஃப்ரெட் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"கட்டுன துணிக்குள்ள இருந்து உனக்கு மட்டும் எப்படிடீ தெரியும்? உனக்குக் காட்டியிருக்காங்கடீ, என் கண்ணே. காட்டிக் கூப்பிட்டிருக்காங்க." அழுதுகொண்டே போய் இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அன்றிலிருந்து சபீனாவும் தான் சாவோம் என்று நம்பத் தொடங்கினாள்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் ஃபெஸ்டஸ் கில்டே வந்தார். கையில் ஒரு சிறு மூட்டை ஆப்பிள். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, இவளைப் பார்க்காமல் ஆப்பிளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே மழை பெய்து நின்றது. மறுபடி பெய்தது.

"எங்க வீட்ல மேற்கால ஒரு ரூம் இருக்கு," என்றார் கடைசியில்.

"ம்."

"நல்ல வெயில் வரும். ஏரி தெரியும். இங்க ஈரம் ஜாஸ்தி." தொப்பியைத் திருப்பினார். "அங்க வந்து இருக்கலாமே. ஹாலோவீன் வரைக்கும்."

சபீனாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேக்குறீங்களா?"

"ஆமா."

"நான் செத்துப்போவேனே!"

"அதான் சொன்னாங்க. இருக்கிற வரைக்கும் வெயில்ல இருக்கலாம்ல."

அவள் சிரித்தாள். சிரித்து இருமி, இருமிச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் அவளிடம் யாரும் இவ்வளவு நல்லதாக ஒன்றைக் கேட்டதில்லை. அதனால் பொய் சொல்ல முடியவில்லை. துணி, அடுப்பு வெளிச்சம், டெலியாவின் விரல் எல்லாவற்றையும் சொன்னாள். உங்களைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் மண்ணைத் தொட்டேன் என்பதையும் சொன்னாள்.

ஃபெஸ்டஸ் ஆப்பிளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "அப்ப நீ சாக மாட்டே," என்றார்.

"மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"நல்லது." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார். "மோதிரம் எங்க இருந்துச்சு?"

"நேர் எதிர்ல."

"மண்ணு?"

"அந்தக் கோடியில."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "கைய ரொம்ப நீட்டியிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் அவளை இருமலைவிட அதிகமாகப் படுத்தியது. இருமல் போய்விட்டது. அது போகவில்லை. ஆள் திரும்ப வருவார் என்று காத்திருந்தாள். வரவில்லை. தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

ஹனோரா கதவில் நின்றாள். "ஏண்டி, படுத்த படுக்கைன்னாங்க? சைக்கிள்ல வர்ற?"

"நடந்து வர்றதுக்குத் தெம்பில்ல."

ஃபெஸ்டஸ் லாயத்தில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குதிரையின் மறுபக்கம் போனார். குதிரையின் முதுகுக்கு மேலாகத்தான் அவள் கேட்டாள். "மேற்கு ரூமுக்கு இப்பவும் வெயில் வருதா?"

பிரஷ் நின்றது. "ராத்திரியில வராது," என்றார் அவர். நாங்கள் அறிந்த வரையில் அவர் அடித்த முதல் ஜோக் அதுதான்.

தவக்காலத்துக்கு முந்தின நாள் கல்யாணம் நடந்தது. அவ்வளவு அழுகையோடு ஒரு கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. நீண்டநாள் உழைக்கிற பொருள் எதையும் யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை. கேக், வாத்து, பூங்கொத்து, அரைக் கிலோ வெண்ணெய். ஒரே ஒரு கம்பளி கொடுத்தது டெலியாதான். அதுவும் பழையது.

துணி விஷயத்தை ஃபெஸ்டஸ் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் குதிரையிடம் சொல்லியிருப்பார். சபீனா என்னிடம் சொன்னதே பல வருஷம் கழித்துத்தான்.

ஹாலோவீன் வந்தது. டெலியா வீட்டுச் சமையலறையில் இடம் போதவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள். சபீனா கன்னம் சிவக்க, ஏழு மாத வயிற்றோடு வந்து உட்கார்ந்து, இரண்டாவது தட்டு உருளைக்கிழங்கு கேட்டாள். எல்லோரும் அவள் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை சகல புனிதர் பூசைக்கு, கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

ஊர் சந்தோஷப்பட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வருஷமாக நாற்காலி விட்டுக்கொடுத்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. தச்சன் மார்ட்டின் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாத்தியார் அன்றே பாடத் தொடங்கினார். எல்லோருடைய கோபமும் டெலியாமேல் திரும்பியது.

"என்ன டெலியா, உன் தட்டு பொய் சொல்லுமா?" என்று கோயில் படியில் வைத்தே கேட்டார்கள்.

டெலியா அசரவில்லை. "மண்ணுன்னா சாவுன்னு நானா சொன்னேன்? நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. மண்ணுன்னா என்னய்யா? நிலம்! ஏரிக்கரையில அவ்ளோ நிலம் அவ கைக்கு வந்துச்சா இல்லியா?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பார்த்தீர்களா, தட்டு பொய் சொல்லவில்லை. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் மண் என்றால் நிலம். பெண்களின் கை மோதிரத்தைத் தள்ளிவிட்டு மண்ணைத் தேடியது. டெலியாவுக்குப் பிறகு தட்டு வைக்கும் பொறுப்பு யாரும் சொல்லாமலேயே சபீனாவிடம் வந்தது. அதற்குள் அவளுக்கு நான்கு பிள்ளைகள். ஹனோராவோடு ஒரே வீட்டில், பாதி நாள் சண்டையும் பாதி நாள் சமாதானமுமாக. சந்தோஷமாக இருக்கிறாயா என்று ஒருமுறை கேட்டேன். "குதிரைகிட்ட பேசுறதுல பாதி எங்கிட்ட பேசுறாரு. அதுவே ஜாஸ்தி" என்றாள். சொல்லும்போது முகம் பூரித்திருந்தது.

ஒரு வருஷம், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த புது டீச்சர் பெண் டெர்வ்லா, கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். மண். நாங்கள் எல்லோரும் கை தட்டி ஆரவாரம் செய்தோம். அவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். அவள் ஊரில் மண் இன்னும் சாவுதான் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது.

சபீனா அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். "உங்க ஊர்ல அது சாவு. எங்க ஊர்ல நிலம். நீ இப்ப எங்க உக்காந்திருக்கே?"

"இங்க," என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே.

"அப்புறம் என்ன? எந்திரி, சாப்பாடு ஆறுது."

டெர்வ்லா எழுந்து சாப்பிட்டாள். இரண்டு வருஷத்தில் எங்கள் ஊரிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நிலம் கிடைத்தது என்னவோ உண்மைதான். பாதி சதுப்பு. வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீர் நிற்கும்.